கூரைக்கு ஓர் ஈறு

முடி வெட்டும் கடையில் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டிவிட்டால், அதன்பிறகு சொல்லப்படும் எதையும் நாம் மறுக்க முடியாது. தலையை ஆட்டினால் காதுக்கு ஆபத்து. அப்படி நான் கட்டுண்டு கிடந்த ஒரு காலையில்தான் அந்தச் செய்தி வந்து சேர்ந்தது.

"விஷயம் தெரியுமா? நம்ம பல்செட்டக்கா இருக்காங்கள்ல, அவங்க ஹவுஸ் ஓனரோட பல்செட்டைப் புடிச்சு வச்சுக்கிட்டாங்களாம். கூரை ஒழுகுது, அதைச் சரி பண்ணாத்தான் பல்லுன்னு சொல்லிட்டாங்களாம். மனுஷன் பொக்கை வாயோட அலைஞ்சு பார்த்துட்டு, கடைசியில மொட்டை மாடிக்குத் தளம் போட்டுக் குடுத்தாராம்."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா என்ன? ஆடாம உக்காருங்க."

இஸ்திரிக் கடைக்கு வருவதற்குள் கதை வளர்ந்துவிட்டது. அங்கே அக்கா ஓனர் வீட்டுக்கே போய், அவர் கொட்டாவி விடும் நேரம் பார்த்துப் பல்லைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தார். மருந்துக் கடையில் மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டுமே போயிருந்தன. தெருவில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் எல்லாரும் முகம் மலர நடந்துகொண்டிருந்தார்கள். தங்கள் ஓனருக்கு இருப்பது சொந்தப் பல்லா, செட்டா என்று சிலர் விசாரிக்கவும் தொடங்கியிருந்தார்கள். எனக்கும் ஓர் ஓனர் உண்டு. அவருக்கு எல்லாம் சொந்தப் பல். ஆகவே கொஞ்சம் பொறாமையோடுதான் உண்மையைக் கண்டுபிடிக்கப் படியேறினேன்.

பல்செட்டக்கா குடியிருப்பது ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடி. பக்கவாட்டில் இரும்புப் படிக்கட்டு. பாதிப் படியிலேயே நகப்பூச்சு போன்ற ஒரு வாடை மூக்கைத் தொடும். பல்செட் செய்கிற திரவத்தின் வாடை அது. வீடு என்பது இரண்டே அறைகள். ஒன்றில் சமையல், கட்டில், பீரோ, துணிக்கொடி, குடும்பம். இன்னொன்றில் ஜன்னலோரமாக ஒரு மேசை, ஒரு ஸ்பிரிட் விளக்கு, தேய்க்கிற மெஷின், அலமாரி முழுக்க வெள்ளை வெள்ளையாய்த் தாடைகள். கதவைத் திறந்ததும் எல்லாத் தாடைகளும் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். பதிலுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

அக்காவுக்கு நாற்பது தாண்டியிருக்கும். ஒரு பல் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். நோயாளிகளின் முனகல் தாங்காமல், பல் செய்யும் பின்னறையில் போய் உட்கார ஆரம்பித்தார். உட்கார்ந்தவர் கை சும்மா இருக்குமா? மெழுகு உருக்கித் தரத் தொடங்கி, பல்லை வரிசை வைக்கவும் பழகிவிட்டார். பிறகு அந்தப் பின்னறையைக் கிளினிக்காரர்கள் எக்ஸ்ரேவுக்கு எடுத்துக்கொள்ள, அக்கா மேசையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது டாக்டர் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார். அக்கா அந்த அளவில் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றித் தாடை வார்ப்பார், மெழுகில் பல் பதிப்பார், வேகவைப்பார், தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். தெருவில் யார் முகமும் அவருக்கு மனதில் நிற்பதில்லை. "யாரு, இடது பக்கமா மெல்லுவாங்களே, அவங்களா?" என்றுதான் கேட்பார்.

கணவர் தொலைதூர லாரி ஓட்டுகிறார். வீட்டுக்கு வந்தால் தூங்குவார், எழுந்தால் கிளம்புவார். ஆகவே அக்காவுக்குப் பேச்சுத் துணையும் சண்டைத் துணையும் நாத்தனார்தான். அவள் ஒரு வக்கீல் ஆபீஸில் தட்டச்சு செய்கிறாள். முதலாளி சொல்லச்சொல்ல அடித்ததில் பாதிச் சட்டம் மண்டையில் ஏறிவிட்டது. எந்தப் பாதி என்பதில்தான் சந்தேகம். தெருவில் அவளுக்குப் பெயர் பாதிவக்கீல்.

"அக்கா, ஓனர் பல்லு உங்ககிட்டயா இருக்கு?" என்று நேரடியாகவே கேட்டேன்.

அக்கா மெழுகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மேலா, கீழா?" என்றார்.

உள்ளறையிலிருந்து பாதிவக்கீல் குரல் கொடுத்தாள். "ஆமான்னு சொல்லுங்க அண்ணி. பேரு கெட்டாலும் பரவால்ல, நாலு பேருக்குப் பயம் இருக்கட்டும்."

"நீ சும்மா இருடி. உக்காருங்க, சொல்றேன். அந்த ஸ்டூல் வேணாம், அதுல ஒருத்தரோட கடைவாய் காயுது."

அவர் சொன்னதும், நான் பிறகு அங்கே இங்கே கேட்டு ஒட்டவைத்ததும் சேர்ந்ததுதான் இனி வருவது.

முதலில் ஓனர். தங்கமான மனிதர். பிறந்ததிலிருந்து யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. குழாய் சொட்டுகிறது சார் என்றால், "பார்க்கலாம்." ஜன்னல் கொக்கி பெயர்ந்துவிட்டது சார், "பார்க்கலாம்." படிக்கட்டு ஆடுகிறது சார், "பார்க்கலாம்மா, பார்க்கலாம்." சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு கனிவு. கேட்டவர் நன்றி சொல்லிவிட்டுத்தான் திரும்புவார். வீட்டுக்கு வந்த பிறகுதான் கையில் ஒன்றும் இல்லை என்று தெரியும். குடியிருப்பவர்கள் எல்லாரும் அவரைப் பார்க்கலாம் சார் என்றே அழைக்கிறார்கள். "வாடகை குடுக்கட்டுமா சார்னு கேளுங்க, அதுக்கு மட்டும் பார்க்கலாம்னு சொல்லவே மாட்டாரு," என்பது பாதிவக்கீலின் ஆராய்ச்சி முடிவு.

ஒரு மழைக்காலத்தில், அக்காவின் மேசைக்கு நேர் மேலே கூரையில் ஒரு விரிசல் கண்டது. முதலில் ஈரம், பிறகு சொட்டு. பல் வேலைக்கு வாங்கும் மாவுக்கு ஈரம் ஆகாது. ஈரம் குடித்த மாவைக் கரைத்து ஊற்றினால் ஒழுங்காக இறுகாது. இறுகினாலும் நகம் பட்டால் உதிரும். அந்தத் தாடையில் செய்த பல், வாயில் உட்காராது. அக்கா போய்ச் சொன்னார். பார்க்கலாம் சார், "பார்க்கலாம்," என்றார். மறுபடி சொன்னார். அப்போது அவர் வழக்கத்துக்கு மாறாக ஒரு வாக்கியம் கூடுதலாகப் பேசினார்.

"உங்க சொந்த வீடு மாதிரி நினைச்சுக்கங்கம்மா."

அக்கா அப்படியே நினைத்துக்கொண்டார். வினை அங்கேதான் தொடங்கியது.

வேறு யாராக இருந்தாலும் கீழே ஒரு வாளியை வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் மேலே ஒரு கைப்பிடி சிமெண்ட்டை அப்பியிருப்பார்கள். அக்காவின் கைக்கு விரிசல் என்றால் ஒன்றுதான் தெரியும். மேசையில் ஏறி நின்று, விரிசலைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பல்செட்டுக்கு ஈறு செய்கிற ரோஸ் நிறப் பொடியைத் திரவத்தில் குழைத்து, ஒட்டிவிட்டார். ஒட்டியதோடு விட்டாரா? காய்ந்தபின் ஓரம் தேய்த்தார். ஓரம் தேய்த்தபின் மெருகேற்றினார். ஒரு நாள் முழுக்க அண்ணாந்து நின்று அவர் செய்த வேலையைப் பார்க்கப் பாதிவக்கீலை அழைத்தார்.

அவள் நீண்ட நேரம் பார்த்தாள். "அண்ணி, கூரைக்கு ஈறு வச்சிருக்கீங்க."

"ஒழுகுதா பாரு. ஒரு சொட்டு?"

"ஒழுகல. ஆனா பல்லு முளைச்சாலும் முளைக்கும். கீழ படுக்காதீங்க."

ஒழுகல் நின்றது. தண்ணீர் நிற்கவில்லை. அது கூரைக்குள்ளேயே வழி தேடிப் போய்ச் சுவரில் இறங்கியது. சொட்டாத தண்ணீரை யாரும் பார்க்க மாட்டார்கள். சுவர் மட்டும் மெல்ல மெல்லக் குளிர்ந்துகொண்டே வந்தது. மாவு டப்பாவை உள்ளறைக்கு மாற்றினார், அங்கே சமையல் ஆவி. திரும்பக் கொண்டுவந்தார், இங்கே சுவர். கிளினிக்குக்குப் போன பல்செட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஆடுகிறது, குத்துகிறது, பேசும்போது கழன்று விழுகிறது. டாக்டர் நல்லவர்தான், இருந்தாலும் போனில் சொல்லிவிட்டார்: "இன்னொரு செட் இப்படித் திரும்பி வந்தா, நான் வேற இடத்துல குடுக்கத்தான் வேணும்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

அக்காவின் கையிலிருந்தது அந்த ஒரு கிளினிக்தான். வீடு மாறலாம் என்றால், இந்த வாடைக்கும் மெஷின் சத்தத்துக்கும் யார் வீடு தருவார்கள்? பல் வேலை என்றதுமே முகத்தைச் சுளிப்பார்கள். அன்று அவர் முதல்முறையாகக் கோபப்பட்டார்.

"இனிமே வாடகை கிடையாதுடி. தளம் போடட்டும், அப்புறம் குடுப்போம்."

பாதிவக்கீல் துள்ளி எழுந்தாள். "ஐயோ, அதைச் செஞ்சுடாதீங்க அண்ணி! வாடகையை நிறுத்தினா மறுநாளே நீங்க குத்தவாளி, அவரு பாவம் ஆயிடுவாரு. ஒழுகுற கூரையைச் சரி பண்றது அவரு பொறுப்பு. அதை எழுதிக் கேக்கணும். நியாயமா அவகாசம் குடுக்கணும். அப்பவும் செய்யலன்னா வாடகைத் தகராறு பார்க்குற குடியிருப்பு அலுவலகத்துல புகார். புகார் குடுத்ததுக்காகக் காலி பண்ணச் சொல்லவும் முடியாது. ஆமா, ஒழுகினப்ப ஒரு போட்டோ எடுத்து வச்சிருக்கீங்கல்ல?"

"எடுத்திருக்கேனே."

"காட்டுங்க."

அக்கா போனை நீட்டினார். மெருகேற்றி முடித்தபிறகு எடுத்த படம். ஈறு கண்ணாடி போல் மின்னியது. ஒழுகியபோது எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. ஒழுகுவதைப் போய் யாராவது படம் எடுப்பார்களா என்பது அவர் கட்சி.

கடிதம் போனது. பார்க்கலாம் சார் இந்த முறையும் அதே சொல்லைத்தான் சொன்னார், ஆனால் இடம் மாற்றிச் சொன்னார். "பிடிக்கலன்னா வேற வீடு பார்க்கலாமே?" அவகாசம் கழிந்தது. புகாரும் போனது. குடியிருப்பு அலுவலகத்திலிருந்து ஓர் ஆய்வாளரம்மா நேரில் வருவதாகத் தகவல் வந்தது.

இந்த இடத்தில்தான் பல் நுழைகிறது.

ஆய்வுக்கு இரண்டொரு நாள் முன்னால், ஏதோ கடினமானதைக் கடித்ததில் பார்க்கலாம் சாரின் கீழ்ப் பல்செட் இரண்டாக உடைந்தது. அவர் அதைக் கிளினிக்கில் கொடுத்தார். கிளினிக் வழக்கம்போல் அக்காவுக்கு அனுப்பியது. அக்கா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்ததுமே யாருடையது என்று தெரிந்துகொண்டார். முன்பு அவர் கையால் செய்ததுதான்.

பாதிவக்கீல் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. "அண்ணி, கடவுளே பார்த்து அனுப்பியிருக்காரு. குடுக்காதீங்க! தளம் போட்ட மறுநாள் பல்லு."

"இதுவும் உன் சட்டத்துல இருக்கா?"

"இது அந்த இன்னொரு பாதியில இருக்கும்."

"வாயிலருந்து வந்த பொருளை வச்சுப் பேரம் பேசறதா? சீ. எடு மாவை."

உடைந்த செட்டை ஒட்ட, முதலில் அதற்கு ஒரு தாடை வார்க்க வேண்டும். அக்கா மாவைக் கரைத்து ஊற்றினார். அது இறுகவில்லை. மறுபடி ஊற்றினார். இறுகியது, எடுக்கும்போது கையிலேயே உதிர்ந்தது. சுவரின் ஈரம் டப்பாவுக்குள் போய்விட்டிருந்தது. "இன்னும் ரெண்டு நாள் ஆகும்னு சார்கிட்ட சொல்லிடுங்க. மாவு சரியில்ல," என்று கிளினிக்குக்குப் போன் செய்தார். தெருவின் பெரிய மிரட்டல் கதைக்கு விதை இந்த ஒரு போன்தான். வேண்டுமென்றே தாமதம் செய்தாரா என்று நான் கேட்டேன். இல்லை என்றார். நான் நம்புகிறேன். பாதிவக்கீல் மட்டும் அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆக, ஆய்வு நாளன்று பார்க்கலாம் சார் கீழ் வரிசை இல்லாமல் வந்தார். பேசினால் சொற்கள் காற்றாகப் போகும். மானம் உள்ள மனிதர், உதட்டை இறுக்கிக்கொண்டார். தனக்காகப் பேச ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்திருந்தார். தன் கூரையை இந்த அம்மா எப்படிக் கெடுத்து வைத்திருக்கிறாள் என்று அளந்து சொல்வதற்கு.

ஆய்வாளரம்மா குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். தாடைகளைப் பார்த்து ஒரு கணம் நின்றார். பிறகு அண்ணாந்தார்.

"எங்கம்மா ஒழுகுது?"

"அங்கதான் மேடம். இப்ப அடைச்சிருக்கேன்."

"இது என்ன, ரோஸ் கலர்ல?"

"ஈறு மேடம்."

ஆய்வாளரம்மா தன் வேலைக்காலத்தில் எத்தனையோ கூரைகளைப் பார்த்திருப்பார். ஈறு வைத்த கூரை இதுதான் முதல்முறை போலிருக்கிறது. "ஓனர்கிட்ட சொல்லிட்டுத்தான் செஞ்சீங்களா?"

அக்கா மேசையில் சிந்தியிருந்த மெழுகைச் சுரண்டத் தொடங்கினார். பார்க்கலாம் சார் கையை விரித்து, பார்த்தீர்களா என்பதுபோல் முகம் காட்டினார்.

"இங்க பாருங்கம்மா. ஒழுகல் இருந்தா நான் கண்ணால பார்க்கணும். இல்லன்னா புகார் முடிஞ்சுது. அதோட, சொல்லாம கூரையில கை வச்சது உங்க பக்கம் தப்பாத்தான் நிக்கும். இதை எடுத்துக் காட்ட முடியுமா?"

அக்கா மேசையில் ஏறினார். ஒரு நாள் முழுக்க அண்ணாந்து மெருகேற்றியதை, தன் கையாலேயே, பல் தேய்க்கும் சின்ன மெஷினால் ஓரம் அறுத்துப் பெயர்த்தார். எல்லாரும் அண்ணாந்து நின்றார்கள். விரிசல் வாயைத் திறந்தது. ஒன்றும் வரவில்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. தண்ணீர் எப்போதோ சுவர்ப்பக்கம் குடிபோய்விட்டது.

அக்கா மேசை மேலேயே நின்றார். இறங்கி என்ன செய்வது என்று தெரியவில்லை. கிளினிக், மேசை, இந்த அறை, எல்லாம் தன் கையில் இருக்கும் அந்த ரோஸ் துண்டோடு பெயர்ந்து வந்துவிட்டதாக அப்போது தோன்றியது என்றார் என்னிடம்.

பார்க்கலாம் சாருக்கு வெற்றி வாசனை அடித்தது. கொத்தனாரின் தோளைத் தட்டி, இருக்கிற பல்லை வைத்துக்கொண்டு காற்றும் சொல்லுமாகச் சொன்னார்: "நீ சொல்லுப்பா. உள்ளதை உள்ளபடி சொல்லு."

கொத்தனார் வெள்ளந்தி. உள்ளதைச் சொல்லச் சொன்னால் உள்ளதைத்தான் சொல்வார். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "மேடம், அங்க பார்த்தா எப்படித் தெரியும்? தண்ணி இதோ, இதுக்குள்ள இறங்கிடுச்சு. கை வச்சுப் பாருங்க, குளுகுளுன்னு இருக்கு. மாடித் தளம் தொட்டி பக்கமா வெடிச்சிருக்கு. முதலாளிக்கே தெரியுமே. போன மழைக்கு முந்தியே ஏத்திட்டுப் போய்க் காட்டினேன்ல, முதலாளி? நீங்ககூட பார்க்கலாம்னீங்களே!"

அறையில் அலமாரித் தாடைகள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தன.

பார்க்கலாம் சார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவருக்கு அன்று முழுப் பல்லும் இருந்திருந்தால், கனிவாக நாலு வார்த்தை பேசி அந்தப் பேச்சை எங்கேயாவது திருப்பிவிட்டிருப்பார். இல்லாத பல்லுக்குக் காரணம் இறுகாத மாவு. இறுகாத மாவுக்குக் காரணம் ஈரச் சுவர். ஈரச் சுவருக்குக் காரணம் யாரென்று அவரே யோசித்திருப்பாரோ என்னவோ, வாயை மூடிக்கொண்டார்.

ஆய்வாளரம்மா சுவரில் கை வைத்தார், மாடிக்கு ஏறிப் பார்த்தார், இறங்கினார். தளமும் சுவரும் குறித்த கெடுவுக்குள் சரி செய்யப்பட வேண்டும். தவறினால் குடியிருப்பவரே செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம். புகாரைக் காரணம் காட்டிக் காலி செய்யச் சொல்லக் கூடாது. இதுதான் உத்தரவு. அக்காவுக்கும் ஒரு கொட்டு வைத்தார்: "அடுத்த தடவை ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுங்கம்மா. மெருகு போடுறதுக்கு முன்னாடி."

அன்று மத்தியானமே அக்கா புது மாவு டப்பா ஒன்றை வாங்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போய், அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்து பார்க்கலாம் சாரின் பல்லை ஒட்டிக் கொடுத்துவிட்டார். மாடியில் முதல் சட்டி சிமெண்ட் விழுவதற்கு முன்பே பல் அவர் வாயில் இருந்தது. வதந்தி அத்தோடு முடிந்தது என்று நினைத்து, சரிபார்க்க அவர் வீட்டுக்கும் போனேன். வாசலில் உட்கார்ந்து வறுத்த கடலையை மென்றுகொண்டிருந்தார்.

"உங்க பல்லைப் புடிச்சு வச்சுக்கிட்டாங்களாமே சார்?"

"ஆமாப்பா," என்றார், நறுக்கென்று இன்னொரு கடலையைக் கடித்து. "ஈவு இரக்கம் இல்லாம புடுங்கி வச்சுக்கிட்டாங்க. வயசான மனுஷன், என்ன பண்ணுவேன்? செஞ்சு குடுத்துட்டேன்."

உத்தரவுக்குப் பணிந்த ஓனர் என்பதைவிட, பல் பறிகொடுத்த ஓனர் என்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது போலும். முடி வெட்டும் கடைக்காரருக்குச் சொன்னதே அவர்தான் என்று அப்புறம் தெரிந்தது. அக்காவும் தெருவில் அதை மறுக்கவில்லை. பாதிவக்கீல் மறுக்க விடவில்லை.

தளம் போட வந்தவர் அதே கொத்தனார்தான். இனிமேல் அந்த ஓனரிடம் தனக்கு வேலை கிடைக்காது என்றுதான் நினைத்திருந்தாராம். ஆனால் அவரைவிடச் சல்லிசாக வேறு ஆள் கிடைக்கவில்லை. வேலை முடிந்து தண்ணீர் கேட்டு நின்றபோதுதான் அக்கா கவனித்தார்: முன்பல் ஒன்று இல்லை.

"தம்பி, அன்னைக்கு நீங்க வாயைத் திறக்கலன்னா நான் இந்த வீட்டுல இல்ல. உங்களுக்கு ஒரு பல்லு நான் கடன்பட்டிருக்கேன். உக்காருங்க, அளவு எடுக்கணும், ஒரே நிமிஷம்."

கொத்தனார் சொம்பை வைத்துவிட்டுப் பின்வாங்கினார். "வேணாங்கா."

"பயமா? வலிக்காது."

"பயமெல்லாம் இல்லக்கா. மேலருந்து கலவை கேக்கணும்னா இந்த ஓட்டை வழியாத்தான் விசில் அடிப்பேன். பல்லை வச்சுட்டா விசில் எங்க போவும்? தொண்டை கிழியக் கத்தணும்."

"கழட்டி மாட்டுற மாதிரி செஞ்சு தர்றேன். வேலைக்குப் போறப்ப கழட்டி வச்சுக்கங்க, விசேஷத்துக்கு மாட்டிக்கங்க."

"யோசிச்சுச் சொல்றேங்கா," என்று போனவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அக்கா அவர் மற்றப் பற்களின் பழுப்புக்குப் பொருத்தமாக ஒரு பல்லைத் தேர்ந்து, மெழுகுத் துண்டில் குத்தி அலமாரியில் வைத்திருக்கிறார். அடுத்த தெருவில் எங்கோ கட்டட வேலை நடக்கிறது. அன்று அக்கா கதையை முடித்து, நான் விடைபெற்று எழுந்தபோது அங்கிருந்து ஒரு விசில் வந்தது, கூர்மையாக, நீளமாக.

அக்கா ஜன்னலுக்கு ஓடி, எட்டிப் பார்த்துக் கை தட்டிக் கூப்பிட்டார். "பாருங்க, கடன்காரி நான் கூப்பிடுறேன், அந்த மனுஷன் திரும்பியே பார்க்கல!"

"விடுங்க அண்ணி," என்றாள் பாதிவக்கீல். "கடனை வாங்கிக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்ப முடியுமான்னு ஆபீஸ்ல கேக்குறேன்."